கொல்லைப்புறப் புல்தரையில் மூடாக்கு இருக்கைத் தளம்: ஒரு வரலாறு

மூடாக்கு இருக்கைத் தளம் என்பது, வீட்டுக் கொல்லைப்புறத்துப் புல்தரையில் ஒரு பகுதியை நீக்கி, அங்கே மரச்சில்லு, மரப்பட்டைத் துண்டு போன்றவற்றைப் பரப்பி, மேலே நாற்காலிகள் இட்டு அமைக்கப்படும் அமரும் இடம் ஆகும். வட அமெரிக்கப் புறநகர் வீடுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் ஒரு மரத்தடியில் வட்டமாக அமையும். சிமென்ட் தேவையில்லை. கொத்தனாரும் தேவையில்லை. வீட்டார் இருவர் சேர்ந்தால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

பார்வைக்கு எளிய இந்த வேலை, அமெரிக்க வீட்டின் பழைய வழக்கம் ஒன்றைத் தொடுகிறது. ஒரு குடும்பத்தின் மதிப்பை அதன் புல்தரையின் பச்சையை வைத்து அளப்பது அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் பழக்கம். அந்தப் புல்தரை உட்காருவதற்காக வளர்க்கப்பட்டதைவிடப் பிறர் பார்ப்பதற்காக வளர்க்கப்பட்டதே அதிகம். அதற்காகச் செலவான நீர், உழைப்பு, நச்சு மருந்து ஆகியவை மிகுதி. அதில் இடம் மறுக்கப்பட்ட மக்களும் உண்டு. பார்ப்பதற்காக வைத்த நிலத்தின் ஒரு துண்டு மீண்டும் உட்காரும் இடமாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

சொல்லும் பொருளும்

மண்ணின் மேற்பரப்பை வைக்கோல், சருகு, தழை, மரச்சில்லு போன்றவற்றால் மூடி வைப்பதற்குத் தமிழக வேளாண்மையில் மூடாக்கு என்று பெயர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் மல்ச் என்ற சொல், மென்மையானது என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பாதி மக்கிய வைக்கோலை அச்சொல் குறித்தது. தமிழ்ச் சொல் செயலைக் குறிக்கிறது, ஆங்கிலச் சொல் பொருளின் தன்மையைக் குறிக்கிறது.

மூடாக்கின் பயன்கள் எல்லா நாட்டு உழவரும் அறிந்தவை. வெயில் நேராக மண்ணில் படாததால் ஈரம் காக்கப்படுகிறது. ஒளி கிடைக்காததால் களை விதைகள் முளைப்பது குறைகிறது. மழைத்துளி மண்ணை நேரடியாகத் தாக்காததால் மண் அரிப்பும் குறைகிறது. மூடாக்கு மக்கும்போது மண்ணுக்கு மட்கு சேர்கிறது. இருக்கைத் தளத்தில் இவற்றோடு இன்னொரு பயனும் சேர்கிறது. மழை பெய்து ஓய்ந்தபின் கால் சேறாகாமல் அங்கே நடக்கலாம், உட்காரலாம்.

புல்லே இருக்கையாக இருந்த காலம்

ஐரோப்பியத் தோட்ட வரலாற்றில் புல்லும் இருக்கையும் தொடக்கத்தில் ஒன்றாகவே இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் ஆல்பர்ட்டஸ் மேக்னஸ், 1260ஆம் ஆண்டையொட்டி எழுதிய தாவரங்கள் பற்றிய நூலில் இன்பத் தோட்டம் அமைக்கும் முறையைச் சொல்கிறார். முதலில் நிலத்திலுள்ள வேர்களைத் தோண்டி எடுக்க வேண்டும். பின் கொதிநீரை ஊற்றி மண்ணில் எஞ்சிய விதைகளைக் கொல்ல வேண்டும். அதன்மேல் புல்பாளங்களை அடுக்கி மரச்சம்மட்டியால் தட்டி அமர்த்த வேண்டும். தோட்டத்தின் ஓரத்தில் மண்ணை உயர்த்தி, அதன்மேல் புல் பதித்துத் திண்ணை போன்ற இருக்கை அமைக்கவும் அவர் வழி சொல்கிறார். சுமார் 1305இல் இத்தாலியின் போலோன்யா நகரத்தைச் சேர்ந்த பியெத்ரோ தெ கிரெசென்சி தம் வேளாண் நூலில் இதே முறையைப் பின்பற்றினார்.

அக்கால ஓவியங்களில் இத்தகைய புல்திண்ணைகள் பல இடங்களில் காணப்படுகின்றன. நாற்புறமும் சுவரோ வேலியோ சூழ்ந்த சிறு தோட்டத்தில், புல்திண்ணையில் அமர்ந்து மக்கள் படிக்கிறார்கள், இசைக் கருவி மீட்டுகிறார்கள். புல்லின் பயன் அங்கே உடலோடு தொடர்புடையதாக இருந்தது. களையை முதலில் ஒழித்துவிட்டே இருக்கை அமைக்க வேண்டும் என்று ஆல்பர்ட்டஸ் சொன்ன ஒழுங்கு, இன்றைய மூடாக்குத் தளத்திலும் அப்படியே தொடர்கிறது. கொதிநீருக்குப் பதிலாக இப்போது அட்டை விரிக்கிறார்கள்.

பார்ப்பதற்கான புல்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்நிலை மாறியது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் ஆந்த்ரே லெ நோத்ர் அமைத்த தோட்டத்தில் நீண்ட புல்பரப்பு ஒன்று உண்டு. அதற்குப் பச்சைக் கம்பளம் என்றே பெயர். அரசனின் கண் தொலைவுவரை தடையின்றிச் செல்ல அது வழிவிட்டது. இங்கிலாந்தில் லேன்சலட் பிரவுன் (1716–1783) பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றி மேடும் பள்ளமுமான பெரும் புல்வெளிகளை உருவாக்கினார். ஆடுமாடுகள் மாளிகையை நெருங்காமலிருக்க வேலி தேவைப்பட்டது. ஆனால் வேலி கண்ணுக்குத் தெரிந்தால் காட்சி கெடும். ஆகவே ஹா-ஹா என்று அழைக்கப்பட்ட பள்ளச் சுவர் பயன்பட்டது. மாளிகையிலிருந்து பார்ப்பவருக்குப் புல் ஒரே பரப்பாகத் தெரியும், நடுவிலிருக்கும் பள்ளம் தெரியாது.

இவ்வளவு புல்லைச் சீராக வைத்திருக்க, நீண்ட பிடியுள்ள அரிவாளுடன் பல ஆட்கள் வேலை செய்ய வேண்டும், அல்லது ஆடுகள் மேய வேண்டும். பயிர் விளையாத நிலத்துக்காக இவ்வளவு கூலி கொடுக்க முடிகிறது என்பதே செல்வத்தின் அடையாளமாயிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் வீட்டின் முன் புல்வெளி இருந்தது. அங்கே நிலத்தைப் பேணும் உழைப்பு அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களுடையது.

1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வூர் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. நெய்த துணியின்மேல் எழும் மயிரைச் சீராக நறுக்கச் சுழலும் கத்தி பொருத்திய இயந்திரம் ஆலைகளில் இருந்தது. அதே ஏற்பாட்டைப் பட்டிங் புல்லுக்குப் பொருத்தினார். இதன்பின் பல ஆட்கள் தேவைப்பட்ட வேலையை ஒருவரே செய்ய முடிந்தது. பிரபுக்களிடம் இருந்த புல்தரை நடுத்தர வீட்டுக்கு வர இது வழி திறந்தது.

அமெரிக்காவில் புல்தரை

அமெரிக்காவில் இந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் (1815–1852). நில எழில் அமைப்புப் பற்றி அவர் 1841இல் வெளியிட்ட நூல் பலரால் படிக்கப்பட்டது. 1869இல் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் சிகாகோ அருகே ரிவர்சைட் என்ற புறநகரைத் திட்டமிட்டனர். அங்கே ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து 30 அடி உள்ளே தள்ளிக் கட்டப்பட வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளி புல்லானது. 1870இல் ஃபிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டு நிலத்தை அழகுபடுத்துவது பற்றி எழுதிய நூலில், வேலியிட்டு அண்டை வீட்டார் கண்ணிலிருந்து தோட்டத்தை மறைப்பதைக் கண்டித்தார். ஒவ்வொருவர் புல்தரையும் அடுத்தவர் புல்தரையோடு சேர்ந்து ஒரே பூங்காவாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. வீட்டு நிலம் வீட்டாருடையது என்றாலும், அதன் தோற்றம் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

இந்தப் புல்தரைகளில் வளர்ந்த புல் வகைகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை. கென்டக்கி நீலப்புல் எனப்படுவது கென்டக்கி மாநிலத்தில் தோன்றியதன்று. அது ஐரோப்பியக் குடியேறிகளோடு கடல் கடந்து வந்தது. வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில் பெர்முடா புல் என்ற பெயரில் விரிக்கப்படுவது தமிழர் நன்கறிந்த அறுகம்புல்லே. தமிழ்நாட்டில் பிள்ளையாருக்குச் சாத்தப்படும் அறுகு வயலில் களையாகவும் எண்ணப்படுகிறது. அமெரிக்காவிலும் அதற்கு அதே இரட்டை நிலைதான். விரும்பி வளர்ப்பவருக்கு அது புல்தரை. பூச்செடி நடும் இடத்துக்குள் தண்டு ஓடினால் அழிப்பதற்கு அரிய களை. மூடாக்குத் தளம் அமைப்பவருக்கு மிகுந்த தொல்லை தருவதும் இந்த அறுகுதான். அதன் தண்டு மண்ணுக்கு மேலும் கீழும் ஓடி, நான்கு அங்குல மரச்சில்லையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

பெருக்கிய முற்றம்

புல்தரை பரவிய அதே காலத்தில், அமெரிக்கத் தென் மாநிலங்களின் சிற்றூர்களில் வேறொரு முற்றம் இருந்தது. அங்கே வீட்டைச் சுற்றிப் புல் முளைக்க விடமாட்டார்கள். முளைத்தால் கொத்தி எடுத்துவிட்டு, குச்சிகளைக் கட்டிச் செய்த துடைப்பத்தால் வெறும் மண்ணைப் பெருக்கி வைப்பார்கள். கறுப்பின மக்களின் வீடுகளில் இவ்வழக்கம் சிறப்பாக நிலைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதைப் போன்ற வழக்கம் இருந்ததை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். வெள்ளையர் பண்ணை வீடுகளிலும் இது காணப்பட்டது. தென் மாநிலச் சிற்றூர்களின் கறுப்பினத்தார் முற்றங்களைப் பற்றி ரிச்சர்ட் வெஸ்ட்மகாட் எழுதிய நூல் 1992இல் வெளிவந்தது.

முற்றத்தைப் பெருக்கி வைக்கும் வழக்கம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. அதற்கான காரணங்களும் ஏறத்தாழ ஒன்றே. பாம்பு வந்தால் தெரியும். நெருப்பு பரவாது. பெருக்கிய முற்றத்தில் துணி துவைத்தார்கள், சமைத்தார்கள், குழந்தைகள் விளையாடினார்கள். நடுவிலோ ஓரத்திலோ நிற்கும் மரத்தின் நிழலில் நாற்காலி போட்டு அக்கம்பக்கத்தாரோடு பேசினார்கள். கோடையில் வீட்டுக்குள் இருக்க முடியாத வெப்பம். ஆகவே முற்றமே பகல் முழுவதும் வீட்டின் பெரிய அறையாக இருந்தது.

இன்றைய மூடாக்குத் தளம் இந்த முற்றத்திலிருந்து நேரடியாக வந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் மரத்தடி, புல் நீக்கிய தரை, சுற்றிலும் நாற்காலி என்ற அமைப்பு அமெரிக்காவில் முன்பே இருந்தது. தோட்டக்கலை நூல்கள் அதை நெடுங்காலம் தோட்டமாகக் கணக்கில் கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

லெவிட்டவுன்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புல்தரை வெகுமக்களுடையதாயிற்று. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை லெவிட் குடும்பத்தின் கட்டுமான நிறுவனம் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. லெவிட்டவுன் எனப்படும் இக்குடியிருப்பில் புல்தரை வீட்டோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. புல் வளரும் மாதங்களில் வாரம் ஒருமுறை புல்லை வெட்ட வேண்டும் என்பது ஒப்பந்த விதி. வேலி கூடாது. இந்நிறுவனம் தொடக்கத்தில் அளித்த குத்தகைப் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாதோர் வீட்டு வேலைக்காரராக அன்றி அங்கே தங்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. இத்தகைய இனத்தடை ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. ஆனால் லெவிட்டவுனில் வீட்டை யாருக்கு விற்பது என்ற நடைமுறை அதனால் உடனே மாறிவிடவில்லை. வேலியில்லாத பச்சைப் பரப்பு எல்லோருக்கும் பொதுவானதைப் போலத் தோன்றியது. அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று இருந்தது.

இதே காலத்தில் புல்லின் இயல்பும் மாறியது. போருக்கு முன் விற்ற புல்விதைக் கலவைகளில் குளோவர் என்ற மூவிலைச் செடியின் விதையும் இருக்கும். பயறு வகையைச் சேர்ந்த இச்செடி காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணை வளப்படுத்தும். 1945ஐ ஒட்டி 2,4-டி என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. அகன்ற இலைத் தாவரங்களைக் கொன்று புல்லை மட்டும் விட்டுவைப்பது அதன் இயல்பு. ஆகவே குளோவரும் செத்தது. விதைக்கப்பட்டு வந்த செடி இதன்பின் களையென்று பெயர் பெற்றது. அது இலவசமாகக் கொடுத்துவந்த நைட்ரஜனை உர மூட்டையாக விலைக்கு வாங்க நேர்ந்தது.

நாற்காலியும் நிழலும்

வெளியே உட்காருவதற்கான நாற்காலிக்கும் ஒரு கதை உண்டு. 1903இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில் கோடைக்காலம் கழிக்க வந்த தாமஸ் லீ என்பவர், மலைச்சரிவிலும் வசதியாக உட்காரத்தக்க நாற்காலி ஒன்றைப் பலகைகளால் செய்து பார்த்தார். சாய்ந்த முதுகும் அகன்ற கைப்பிடியும் அதன் அடையாளம். அவர் அந்த வடிவத்தை ஹாரி பன்னல் என்ற தச்சரிடம் காட்டினார். பன்னல் 1905இல் தம் பெயரில் அதற்குக் காப்புரிமை பெற்றுக்கொண்டார். அந்த நாற்காலியின் பின்வந்த வடிவங்களே அடிரொண்டாக் நாற்காலி என்ற பெயரில் இன்று கொல்லைப்புறம்தோறும் காணப்படுகின்றன. அகன்ற பலகைக் கால் மண்ணில் புதையாது என்பதால் மூடாக்குத் தளத்துக்கும் அது பொருந்துகிறது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் குடும்ப வாழ்க்கை வீட்டின் முன்புறத் தாழ்வாரத்திலிருந்து பின்புறத்துக்கு நகர்ந்தது. கலிஃபோர்னியாவின் நிலஎழில் வடிவமைப்பாளர் தாமஸ் சர்ச், தோட்டங்கள் மனிதருக்கே என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட நூலை 1955இல் வெளியிட்டார். தோட்டம் பார்க்கும் காட்சியாக மட்டும் இராமல், உண்ணவும் உறவாடவும் வெயில் காயவும் உரிய இடமாக அமைய வேண்டும் என்பது அவர் வாதம். அவரது தோட்டங்களில் கல், சிமென்ட், மரப்பலகை ஆகியவற்றாலான தளங்கள் இடம்பெற்றன. அவற்றை அமைக்கப் பணம் வேண்டும். ஆகவே பலருக்கு அது எட்டவில்லை.

இதற்கிடையே மரங்கள் வளர்ந்தன. புதிய புறநகர்களில் நட்ட மேப்பிள், ஓக் கன்றுகள் சில பத்தாண்டுகளில் பெருமரங்களாயின. அவற்றின் அடியில் வெயில் விரும்பும் புல் நிற்கவில்லை. மேலெழுந்த வேர்கள் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் சிக்கின. வேரும் காயப்பட்டது, கத்தியும் மழுங்கியது. ஆண்டுதோறும் விதை தூவியும் வழுக்கையாகவே கிடந்த அந்த மரத்தடிதான் மூடாக்குத் தளத்துக்கு இயல்பான இடமாக அமைந்தது. புல்தரைக்குப் பயன்படாத அந்த இடம் மனிதர் உட்கார மிகவும் ஏற்றதாக இருந்தது.

மூடாக்கின் வருகை

மூடாக்கு அமெரிக்கரின் கவனத்துக்கு வந்ததில் பெருந்துயர் ஒன்றுக்கும் பங்குண்டு. 1930களில் நடுப்பகுதிச் சமவெளிகளில் கடும் வறட்சி வந்தது. ஆழ உழுது வெறுமையாக விடப்பட்ட மண் காற்றில் புழுதிப் புயலாக எழுந்தது. 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1938 முதல் நெப்ராஸ்காவில் டூலி, ரஸ்ஸல் என்ற இரு ஆய்வாளர்கள், அறுவடைத் தாளை உழுது புதைக்காமல் நிலத்தின்மேலேயே விட்டுப் பார்த்தனர். நீர் மண்ணில் இறங்குவது கூடியதையும் அரிப்புக் குறைந்ததையும் அவர்கள் பதிவு செய்தனர்.

வீட்டுத் தோட்டத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் ரூத் ஸ்டவுட் (1884–1980). கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த இவர், உழவும் களையெடுப்பும் இன்றி, உலர்புல்லைத் தடிமனாகப் பரப்பியே காய்கறி விளைவித்தார். முதுகுவலி இல்லாமல் தோட்டம் செய்வது பற்றிய அவரது நூலும் 1955இல்தான் வெளிவந்தது. ஒரே ஆண்டில் வெளியான இரு நூல்களில் சர்ச் தோட்டத்தில் உட்காரச் சொன்னார், ஸ்டவுட் மண்ணை மூடச் சொன்னார். மூடாக்கு இருக்கைத் தளத்தில் இவ்விரண்டு எண்ணங்களும் ஒன்று சேர்கின்றன.

பரப்புவதற்கான பொருள் மலிவாகக் கிடைத்தது வேறொரு காரணத்தால். வடமேற்கு மாநில மர அறுவை ஆலைகளில் மரப்பட்டை வெறும் கழிவு. கூம்பு வடிவ இரும்பு உலைகளில் அதை எரித்துவந்தார்கள். காற்று மாசுக்கு எதிரான விதிகள் 1970களில் கடுமையானபோது அந்த உலைகள் மூடப்பட்டன. எரிக்க முடியாத பட்டை மூட்டையாகக் கட்டப்பட்டுத் தோட்டக் கடைகளுக்கு வந்தது. மின்கம்பிகளில் படும் கிளைகளை வெட்டுவோரும் தாங்கள் அரைத்த சில்லைக் கொட்ட இடம் தேடினர். இன்றும் பல ஊர்களில் மரம் வெட்டுவோரிடம் கேட்டால் ஒரு லாரிச் சில்லை விலையின்றியே வீட்டு வாசலில் கொட்டிச் செல்வார்கள்.

அமைக்கும் முறை

முதலில் இடம் தேர்ந்து, கயிறு அல்லது தண்ணீர்க் குழாயை வளைத்துப் போட்டு எல்லை குறிக்கப்படுகிறது. நான்கு நாற்காலிகளுக்கு 12 அடி விட்டமுள்ள வட்டம் போதும். வட்டத்தின் விளிம்பில் மண்வெட்டியால் சிறு வாய்க்கால் வெட்டினால் புல்லின் வேர் உள்ளே ஓடுவது குறையும். சிலர் கல்லோ செங்கல்லோ பதித்து வரம்பு கட்டுகின்றனர்.

அடுத்து புல்லை ஒழிக்க வேண்டும். புல்பாளத்தைப் பெயர்த்தெடுப்பது ஒரு வழி. மரத்தடியில் இது வேருக்குத் தீங்கு செய்யும். ஆகவே புல்லை ஒட்ட வெட்டி, அதன்மேல் அட்டைப்பெட்டிகளை விரித்து நீர் தெளித்து நனைப்பது மற்றொரு வழி. அட்டைகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். ஒளியின்றிப் புல் சாகிறது, அட்டை சில மாதங்களில் மக்குகிறது. அட்டை மண்ணுக்குள் காற்று செல்வதைத் தடுக்கிறது என்று கூறி, தடிமனான மரச்சில்லே போதும் என்பாரும் உண்டு. நெகிழித் தாளை விரிப்பது நல்லதன்று. நீரும் காற்றும் மண்ணுக்குள் செல்வது தடைபடும். மேலே மக்கும் சில்லில் சில ஆண்டுகளில் களை முளைத்து, அதன் வேர் தாளைக் கிழித்து இறங்கும்.

பின்னர் மரச்சில்லை மூன்று அல்லது நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். 12 அடி விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 113 சதுர அடி. அதில் நான்கு அங்குல உயரத்துக்குச் சுமார் 38 கன அடி, அதாவது ஒரு கன மீட்டரைவிடச் சற்று அதிகமான சில்லு வேண்டும். நடக்க நடக்க அது அமுங்கும், அடியிலிருந்து மக்கும். ஆகவே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே சிறிது சேர்க்க வேண்டும். மரச்சில்லு மண்ணின் நைட்ரஜனை உறிஞ்சிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. சில்லும் மண்ணும் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே அது நிகழ்கிறது. சில்லை மண்ணுக்குள் கலந்தால்தான் வேர்களுக்குக் குறை ஏற்படும்.

மரத்தின் அடித்தண்டைச் சுற்றி மூடாக்கைக் குவிப்பது பலர் செய்யும் பிழை. தண்டின் பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகும். எலி போன்ற கொறிப்பனவும் அங்கே ஒளிந்து பட்டையைக் கடிக்கும். தண்டுக்கும் மூடாக்குக்கும் இடையே சில அங்குல இடைவெளி வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டியும் பரப்பக் கூடாது. கறையானுக்கு அது மறைவழியாகும்.

தவறிய இடங்கள்

மூடாக்கு இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. கரையான் அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய பலகைகள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் விற்கப்பட்டன. வீட்டுப் பயன்பாட்டுக்கு அவற்றை உற்பத்தி செய்வது 2003ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆனால் முன்பே கட்டிய பழைய பலகைகள் இடிபாடுகளோடு அரைபட்டு, மூடாக்கு மூட்டைக்குள் வரும் ஆபத்து நீடித்தது. லூசியானா மாநிலத்தில் புயலைத் தாங்கும் சதுப்புநிலச் சைப்ரஸ் மரங்கள் மூடாக்குக்காகவே வெட்டப்பட்டபோது, 2000களில் சூழலியலாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கழிவைப் பயன்படுத்துவது என்று தொடங்கிய பழக்கம், தேவை பெருகியபோது காட்டையே வெட்டும் நிலைக்குப் போனது. கொக்கோ விதைத் தோல் மூடாக்கு மணமாக இருக்கும். அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருள் நாய்களுக்கு நஞ்சு.

காட்டுத்தீ மிகுந்த மேற்கு மாநிலங்களில் மூடாக்கு எரிபொருளாகிவிடும். காற்றில் பறந்துவரும் தீப்பொறி உலர்ந்த சில்லில் விழுந்தால் புகைந்து பற்றும். அரைத்த ரப்பர் மூடாக்கு மரச்சில்லைவிடக் கடுமையாக எரியும். ஆபத்து மிகுந்த பகுதிகளில் வீட்டைச் சுற்றி 5 அடிக்குள் எரியும் பொருள் கூடாது என்னும் விதிமுறைக்குக் கலிஃபோர்னியா 2020இல் சட்டம் இயற்றியது. ஆகவே அங்கே மூடாக்குத் தளம் வீட்டிலிருந்து தள்ளியே அமைய வேண்டும். அதன் நடுவே விறகு எரித்துக் குளிர்காயும் வழக்கமும் ஆபத்தானது.

தண்ணீரும் சட்டமும்

விண்வெளிப் படங்களைக் கொண்டு கிறிஸ்டினா மிலேசியும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் ஏறத்தாழ 1.9 விழுக்காடு புல்தரை. நீர் பாய்ச்சினால் அந்நாட்டின் மிகப் பெரிய பாசனப் பயிர் அதுவாகவே இருக்கும். கோடையில் வாரத்துக்கு ஓர் அங்குல நீர் வேண்டும் என்பது புல்தரைக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. மேலே சொன்ன 113 சதுர அடி வட்டத்துக்கு அது வாரந்தோறும் ஏறத்தாழ 265 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 17 அல்லது 18 குடம். நான்கு நாற்காலி போடும் இடத்துக்கே இவ்வளவு.

நீர் குறைந்தபோது அரசுகள் புல்லைக் கவனிக்கத் தொடங்கின. 1981இல் டென்வர் நகர நீர்த்துறை, குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் முறைக்குச் செரிஸ்கேப் என்று பெயரிட்டுப் பரப்பியது. மூடாக்கு அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. 2015 ஏப்ரல் 1 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், வழக்கமாகப் பனி மூடியிருக்க வேண்டிய சியரா நெவாடா மலைப் புல்வெளியில், பனியே இல்லாத தரையில் நின்று, நகர நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கும் ஆணையை அறிவித்தார். 5 கோடி சதுர அடிப் புல்தரையை மாற்றியமைப்பதும் அந்த ஆணையில் அடங்கும்.

நெவாடா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம் இன்னும் கூர்மையானது. லாஸ் வேகஸ் பகுதியில் பயனற்ற புல்லுக்கு 2026ஆம் ஆண்டு இறுதிக்குப் பின் கொலராடோ ஆற்று நீர் கிடையாது என்று அது விதிக்கிறது. சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்காக மட்டும் வளர்க்கப்படும் புல் பயனற்றது. விளையாடவும் அமரவும் மக்கள் பயன்படுத்தும் பூங்காப் புல்லுக்குத் தடையில்லை. தனி வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே புல்லை நீக்குவோருக்கு ஊக்கத்தொகை தரப்படுகிறது. ஒரு சதுர அடிப் புல்லை நீக்கினால் ஆண்டுக்கு 55 கேலன், அதாவது 200 லிட்டருக்கு மேல் நீர் மிஞ்சும் என்பது அப்பகுதி நீர் ஆணையத்தின் கணக்கு.

இச்சட்டம் புல்லின் பயனை அளக்கும் முறை குறிப்பிடத்தக்கது. புல் பச்சையாக இருக்கிறதா, சீராக வெட்டப்பட்டிருக்கிறதா என்று அது கேட்கவில்லை. அதன்மேல் யாரேனும் நடக்கிறார்களா, விளையாடுகிறார்களா, உட்காருகிறார்களா என்று கேட்கிறது. லெவிட்டவுன் ஒப்பந்தம் கேட்ட கேள்விக்கு இது நேர் எதிர். ஆல்பர்ட்டஸ் மேக்னஸின் புல்திண்ணைக்கும் தென் மாநிலத்துப் பெருக்கிய முற்றத்துக்கும் இந்தக் கேள்வி புதிதாக இருந்திராது.

மழை போதிய அளவு பெய்யும் கிழக்கு மாநிலங்களில் புல்தரை இன்றும் பெரும்பான்மை. அங்கே மூடாக்குத் தளம் புல்தரையை ஒழிப்பதில்லை. அதன் ஓரத்தில், பெரும்பாலும் மரத்தின் நிழலில், நூறு சதுர அடி அளவில் அமைகிறது. நீர் பாய்ச்சவும் மருந்து தெளிக்கவும் வாரந்தோறும் வெட்டவும் வேண்டாத அந்த இடத்தில்தான் மாலையில் வீட்டார் வந்து அமர்கிறார்கள்.